நகரத்தின் இருபதாண்டுத் திட்டம் புதுப்பிக்கப்படும்போது எங்கே கண் வைக்க வேண்டும்?

கேட்டது இதுதான்: நகரம் வேகமாக வளர்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு போட்ட முழுமைத் திட்டத்தை, பேச்சில் மாஸ்டர் பிளான் என்கிறோமே அதை, புதுப்பிக்கப் போவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கும்? அங்கே குடியிருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் பேசினால் பலன் இருக்கும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் நினைப்பதைவிட வெகு சீக்கிரமாகப் பேச வேண்டும். வரைவு வரைபடம் வெளியாகி, ஒவ்வொருவரும் தன் மனை எந்த நிறத்தில், அதாவது எந்த வகைப் பயன்பாட்டில், இருக்கிறது என்று தேடும் நேரத்தில் பாதி முடிவுகள் எடுத்து முடிந்திருக்கும். நிறம் தீட்டுவது கிட்டத்தட்ட கடைசி வேலை. அந்த நிறங்களை நிர்ணயிப்பவை யாரும் திறந்து பார்க்காத பின்னிணைப்பில் இருக்கும் மக்கள்தொகைக் கணிப்பு, மனைக் கொள்ளளவுக் கணக்கு, குழாய்களின் கொள்ளளவு ஆகியவைதான். என்னைக் கேட்டால், வரைபடத்தை மூடி வைத்துவிட்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

நகரங்களுக்கு இப்படி ஒரு திட்டம் என்ற பழக்கம் ரொம்பப் பழையது இல்லை. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் முழுமைத் திட்டம் ஒன்றை நகர மன்றமே முறைப்படி ஏற்றுக்கொண்ட முதல் ஊர் சின்சினாட்டி, 1925-இல். ஒரு தடவை நன்றாக வரைந்துவிட்டால் நகரம் அதன்படி வளர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் இருந்தது. அது போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது புதுப்பிப்பையே சட்டம் கட்டாயமாக்குகிறது. வாஷிங்டன் மாநிலத்திலும், மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் சுற்றுவட்டாரத்திலும் பத்து வருடத்துக்கு ஒரு முறை. சிங்கப்பூரில் மாஸ்டர் பிளான் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, அதற்கும் மேலே இருக்கும் நீண்டகாலத் திட்டம் பத்து வருடத்துக்கு ஒரு முறை. ஆக, புதுப்பிக்கிறார்கள் என்றால் பழைய திட்டம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் அது எங்கே தோற்றது என்று கேட்டாக வேண்டும். நல்ல புதுப்பிப்பு பழைய திட்டத்தைத் தணிக்கை செய்வதில் ஆரம்பிக்கும். அதில் சொன்ன எத்தனை வேலைகள் முடிந்தன, எத்தனை பாதியில் நிற்கின்றன, எதைத் தொடவே இல்லை என்று வரிவரியாகக் கணக்கு. அதோடு இன்னொரு வரைபடமும் வேண்டும். வளர்ச்சி வரும் என்று திட்டம் சொன்ன இடங்களின் மேல், உண்மையில் கட்டட அனுமதி வாங்கிய இடங்களைப் புள்ளிகளாக வைத்துப் பார்ப்பது. ரயில் நிலையத்தைச் சுற்றி அடர்த்தியாகக் கட்டுவோம் என்று எழுதிவிட்டு, புள்ளிகள் எல்லாம் புறவழிச்சாலைக்கு வெளியே விழுந்திருந்தால், யாராவது அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நிறைய ஊர்களில் இந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராக 'தொலைநோக்கு' எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பசுமையான, துடிப்பான, அனைவரையும் உள்ளடக்கிய நகரம் என்ற வாக்கியத்தை எந்த ஊரின் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

சரி, மக்கள்தொகைக் கணிப்புக்கு வருவோம். பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு மூன்றையும் வயதுவாரியாகக் கூட்டிக் கழிப்பதுதான் வழக்கமான முறை. பிறப்பும் இறப்பும் ஓரளவு சொன்னபடி நடக்கும். வளரும் நகரத்தில் ஆட்டத்தை மாற்றுவது இடம்பெயர்வு. ஒரு பெரிய தொழிற்சாலை வந்தால் ஏறும், மூடினால் இறங்கும். அதனால் ஒரே எண்ணைக் கொடுக்கும் அறிக்கையை நம்பாதீர்கள். குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணிப்புகளைக் கொடுத்து, எதை ஏன் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

இதைவிட அடிக்கடி சறுக்குவது குடும்ப அளவில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் பேர், வீட்டுக்குச் சராசரி 3 பேர் என்றால் 1 லட்சம் வீடுகள். இருபது வருடத்தில் 4 லட்சம் பேர் ஆவார்கள் என்று கணிப்பு. அதே 3 பேரால் வகுத்தால் 1,33,000 வீடுகள் வரும், புதிதாக 33,000 கட்டினால் போதும். ஆனால் பிள்ளைகள் குறைந்து, தனியாக வாழும் முதியவர்கள் கூடி, சராசரி 2.5 ஆக இறங்கினால் தேவை 1,60,000 வீடுகள். அதாவது புதிதாக 60,000. மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, வீட்டுத் தேவையோ அறுபது சதவீதம் கூடுகிறது. இடிந்து போகும் பழைய வீடுகளையும், ஆள் மாறும் இடைவெளியில் எப்போதும் காலியாக இருக்கும் வீடுகளையும் இன்னும் சேர்க்கவே இல்லை. பின்னிணைப்பு அட்டவணையின் ஒரு கட்டத்தில் 3-க்குப் பதில் 2.5 போடாததால் 27,000 வீடுகள் கணக்கிலிருந்து காணாமல் போகும். அந்தப் பற்றாக்குறை பிற்பாடு வாடகையாக வந்து நிற்கும்போது, அதற்குக் காரணம் இந்தக் கட்டம் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, இவ்வளவு வீடுகளுக்கும் இடம் இருக்கிறதா என்ற கேள்வி. இங்கேதான் காகிதத்தில் நிறைய மாயம் நடக்கும். மண்டலத்தில், அதாவது ஒரே கட்டட விதி பொருந்தும் பகுதியில், மூன்று தளங்களுக்கு அனுமதி, இத்தனை ஹெக்டேர் நிலம், ஆகவே இத்தனை ஆயிரம் வீடுகள் என்று பெருக்கிவிடுவார்கள். அப்படிப் பெருக்காமல் ஒரே ஒரு மனையை எடுத்து வரைந்து பாருங்கள். 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், 600 சதுர மீட்டர். கட்டடம் 40 சதவீதத்துக்கு மேல் மூடக்கூடாது என்பது விதி. 240 சதுர மீட்டர். மூன்று தளங்களில் 720. படிக்கட்டு, நடைவழிக்கு 15 சதவீதம் போனால் 612. வீட்டுக்கு 90 சதுர மீட்டர் வைத்தால் 6 வீடுகள்.

இனி வாகன நிறுத்தம். வீட்டுக்கு 2 கார் என்று விதி இருந்தால் 12 கார். வந்து திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 30 சதுர மீட்டர் பிடிக்கும், மொத்தம் 360. கட்டடம் போக மிச்சம் இருக்கும் தரையும் 360 தானே என்று தோன்றும். ஆனால் முன்பக்கம் 6 மீட்டர் திறந்தவெளி விட வேண்டும், அங்கே கார் நிற்கக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கும். 20 மீட்டர் அகலத்துக்கு அதில் 120 சதுர மீட்டர் போய்விடும். மிச்சம் 240, அதாவது 8 கார், அதாவது 4 வீடுகள். மண்டல விதி 6 வீடுகளுக்கு இடம் கொடுத்தது, நிறுத்த விதி இரண்டைப் பறித்துக்கொண்டது. வீட்டுக்கு 1 கார் என்று மாற்றினால் 6 வீடுகளும் தாராளமாக நிற்கும். வரைபடத்தில் ஒரு நிறம்கூட மாறவில்லை, மாடி ஒன்றுகூட ஏறவில்லை, ஆனால் அந்த மனையில் பாதிக்குப் பாதி வீடுகள் கூடிவிட்டன. அடித்தளத்தில் கார் நிறுத்தலாமே என்பார்கள். நிறுத்தலாம், தோண்டுகிற செலவு வீட்டின் விலையில் ஏறும்.

அமெரிக்க நகரமான பஃபலோ 2017-இல் கட்டாய வாகன நிறுத்த அளவை நகரம் முழுக்க நீக்கியதும், மினியாபொலிஸ் 2021-இலும் ஆஸ்டின் 2023-இலும் அதே வழியில் போனதும் இந்தக் கணக்கினால்தான். நீக்குவது என்றால் நிறுத்தமே கூடாது என்று பொருள் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதைக் கட்டுபவர் முடிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். பேருந்து வசதி சரியில்லாத ஊரில் ஒரே வீச்சில் இதைச் செய்தால் தெருவெல்லாம் கார் நிற்கும் என்ற பயமும் நியாயம்தான். தெருவோர நிறுத்தத்துக்குக் கட்டணமும் கண்காணிப்பும் கூடவே வர வேண்டும்.

மினியாபொலிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப்பிப்பில் சத்தம் எங்கே கேட்கும், பலன் எங்கே வரும் என்பதற்கு அது நல்ல உதாரணம். 2018-இல் வந்த முதல் வரைவு, தனிவீட்டு மனைகளில் நான்கு வீடு வரை கட்டலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியது, மூன்றாகக் குறைத்தார்கள். அந்த டிசம்பரில் நகர மன்றம் அதை ஏற்றது, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'தனிவீட்டு மண்டலத்தை ஒழித்த நகரம்' என்று உலகம் முழுக்கச் செய்தி. பிறகு பார்த்தால் மூன்று வீட்டுக் கட்டடங்கள் சொற்பமாகத்தான் எழும்பின. புது வீடுகளில் பெரும்பகுதி வந்தது பேருந்துத் தடங்களையும் வணிகச் சாலைகளையும் ஒட்டிய பெரிய அடுக்குமாடிகளில். அங்கே உயரத்தையும் நிறுத்தத்தையும் பற்றிய விதிகள் தளர்ந்திருந்தன. அதைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் குறைவு. இதற்கு நடுவே சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்கு, 2023-இல், 2030-ஐ இலக்காக வைத்திருந்த பழைய திட்டத்துக்குத் திரும்பச் சொல்லி நீதிமன்ற உத்தரவு, 2024-இல் மாநில சட்டமன்றம் சட்டத்தையே திருத்தி முடிச்சை அவிழ்த்தது. வரைவு தயாரிக்கும்போதே வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நகரமைப்பாளர்கள் சொல்வது சும்மா இல்லை.

விதி என்றதும் ஆஸ்டினின் கதை ஞாபகம் வருகிறது. 2012-இல் 'இமாஜின் ஆஸ்டின்' என்ற திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடக்கமான, நடந்து போகக்கூடிய நகரம் வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் மனையில் என்ன கட்டலாம் என்று சொல்லும் விதித்தொகுப்பு 1984-இல் எழுதியது. புதிய விதித்தொகுப்புக்கு ஆறு வருடம் முயன்று, சண்டை முற்றி, 2018 ஆகஸ்டில் கைவிட்டார்கள். இரண்டாவது முயற்சி 2020-இல் நீதிமன்றத்தில் மாட்டியது. மனைக்காரர்களுக்கு முறைப்படி அறிவிப்பும் ஆட்சேபிக்கும் உரிமையும் தரவில்லை என்று தீர்ப்பு. ஒரு தலைமுறை இளைஞர்கள் வாடகைக்கு அலைந்த காலம் முழுக்க, திட்டம் ஒன்று சொன்னது, விதி வேறொன்று சொன்னது. கட்டட அனுமதிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் விதியைத்தான் பார்ப்பார். திட்ட அறிக்கையின் அழகான அத்தியாயத்தை அவர் புரட்டவே மாட்டார்.

அதனால் உங்கள் ஊர் வரைவைப் படிக்கும்போது ஒவ்வொரு கொள்கைக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். எந்த விதி, எந்தத் தேதிக்குள் மாறும்? எந்த வருட பட்ஜெட்டில், எந்தத் தலைப்பில் இதற்குப் பணம்? இரண்டுக்கும் பதில் இல்லாத கொள்கை அலங்காரம். 'ஊக்குவிக்கப்படும்', 'ஆராயப்படும்', 'முயற்சி எடுக்கப்படும்' என்ற சொற்களைக் கண்டால் அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பணம் என்றால் முக்கியமாகக் குழாய். சாலையில் நெரிசல் எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதைப் பற்றிக் கூட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள். நிலத்தடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேச ஆளே இருக்காது. ஆனால் ஒரு பகுதியில் அடர்த்தி ஏற முடியுமா என்பதை முதலில் முடிவு செய்வது அதுதான். பிரதானக் குழாய் நிரம்பியிருந்தால் வரைபடத்தில் என்ன நிறம் போட்டாலும் இணைப்பு கிடைக்காது, அல்லது கொடுத்துவிட்டு மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்கும். சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்க நிலம், அனுமதி, டெண்டர், கட்டுமானம் என்று வருடக்கணக்கில் ஆகும். அதனால் வரைவோடு கூடவே கொள்ளளவு வரைபடம் கேளுங்கள்: எந்தக் குழாய், எந்த நீரேற்று நிலையம், இன்று எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த வருடம் எல்லையைத் தொடும்.

அடிப்படை வசதி வந்த பிறகுதான் கட்டடம் என்று ஒரே வரியில் சட்டம் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஃபுளோரிடா 1985-இல் அதைத்தான் செய்தது. சாலை, குடிநீர், கழிவுநீர் வசதி தயாராக இருந்தால்தான் புதுக் கட்டடத்துக்கு அனுமதி. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? நகரின் உள்ளே சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் அங்கே அனுமதி கிடைப்பது கடினமானது. ஊருக்கு வெளியே வெறிச்சோடிய சாலைகளில் கொள்ளளவு தாராளமாக இருந்தது. கட்டுநர்கள் அங்கே போனார்கள். நகரம் பரவுவதைத் தடுக்க வந்த விதி நகரத்தை வெளியே தள்ளியது. 2011-இல் சாலைகளைப் பொறுத்தவரை அதைக் கட்டாயம் இல்லை என்று மாற்றிவிட்டார்கள். சாலைக்கு வாகன நெரிசலை மட்டும் அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். 1947-இல் வந்த 'விரல் திட்டம்' நகரத்தை உள்ளங்கை, ஐந்து விரல்கள் என்று வரைந்தது. விரல்கள் நெடுக ரயில் தடம், விரல்களுக்கு இடையில் வயலும் காடும். எழுபது வருடத்துக்கு மேல் அந்த உருவம் நின்றதற்கு அழகான படம் மட்டும் காரணம் இல்லை. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் கட்டினால் அது ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இப்படி மீட்டர் கணக்கில் பேசும் விதிதான் பசுமை இடைவெளிகளைக் காக்கிறது. 2007 முதல் விரல் திட்டமே நாட்டின் அரசு பிறப்பித்த, கட்டுப்படுத்தும் உத்தரவாகவும் ஆகிவிட்டது.

வெள்ளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய திட்டத்தின் வெள்ள வரைபடத்தை அப்படியே ஒட்டிவிடுவது புதுப்பிப்புகளில் சாதாரணமாக நடக்கும். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் 'நூறாண்டு வெள்ளப்பகுதி' (எந்த வருடத்திலும் மூழ்க நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள பகுதி) எனக் குறித்த எல்லைக்கு வெளியே இருந்த வீடுகளும் ஏராளமாக மூழ்கின. அதன்பின் மழைத் தரவுகளைத் திருத்தியபோது, அந்த வட்டாரத்தில் நூறாண்டுக்கு ஒரு முறை எனப்படும் ஒரு நாள் மழையின் அளவு சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்தது. 2018-இல் வெள்ளப்பகுதிகளில் புதுக் கட்டடங்களின் தரை, ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் ஊர் அறிக்கை எந்த வருட மழைத் தரவை வைத்து வரைந்தது என்று கேளுங்கள். இருபது வருடத்துக்கு முந்தையது என்றால், அதன் மேல் தீட்டிய நிறங்களுக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அதுவே ஊரின் குரல் என்று நம்பிவிடாதீர்கள். மாசசூசெட்ஸ் நகரங்களின் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பேச வருகிறவர்களில் சொந்த வீட்டுக்காரர்கள், வயதில் மூத்தவர்கள், ஆண்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்கள் இருக்கும் விகிதத்தைவிட அதிகம். பேசியவர்களில் பெரும்பாலோர் புதுக் கட்டடத்தை எதிர்த்தே பேசினார்கள். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வார நாள் மாலை ஆறு மணிக்குக் கைக்குழந்தையோடு இருப்பவரும், இரவுப் பணிக்குக் கிளம்புகிறவரும், அடுத்த வருடம் இந்த ஊருக்குக் குடிவரப் போகிறவரும் அங்கே எப்படி இருப்பார்கள்? பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் போய்க் கேட்டார்களா, வாடகைக்கு இருப்பவர்களிடமிருந்து எத்தனை பதில் வந்தது என்று விசாரியுங்கள். ஒட்டுத்தாளில் ஆசைகளை எழுதிச் சுவரில் ஒட்டும் கூட்டங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பூங்கா வேண்டுமா என்றால் எல்லாரும் வேண்டும் என்பார்கள். இந்தச் சாலையில் ஆறு மாடியா, இல்லை ஊருக்கு வெளியே வயலில் மனைப்பிரிவா என்று கேட்டால்தான் பேச்சு சூடு பிடிக்கும், உருப்படியான பதிலும் வரும்.

இன்னொன்று, புதுப்பிப்பு இரண்டு முதல் நான்கு வருடம் இழுக்கும். அந்த இடைக்காலத்தில்தான் பெரிய நிலக்காரர்கள் சுறுசுறுப்பாவார்கள். புதிய விதி கடுமையாகப் போகிறது என்ற வாசனை வந்தால் பழைய விதியின் கீழ் விண்ணப்பங்கள் குவியும். பல இடங்களில் விண்ணப்பம் போட்ட தேதியின் விதிதான் செல்லும். ஒவ்வொரு மனையாகத் தனித்தனி நிலவகை மாற்றமும் வரிசையாக வரும். திட்டம் வெளியாகும்போது அது காக்க நினைத்த ஏரிக்கரை ஏற்கெனவே விற்று முடிந்திருக்கும். வரைவு வரும்வரை சில குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் நிலவகை மாற்றத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். ஊர் முழுக்க நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. வீட்டுப் பஞ்சம்தான் கூடும்.

திட்டம் ஏற்கப்பட்ட பிறகு வருடாந்தர அறிக்கை வருமா என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு நகரமும் வருடத்துக்கு எத்தனை வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது என்று மாநிலத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஓரிகனில் போர்ட்லாந்து வட்டாரத்தின் வளர்ச்சி எல்லைக்குள் இருபது வருடத்துக்குப் போதுமான குடியிருப்பு நிலம் இருக்கிறதா என்று ஆறு வருடத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் திட்டத்திலும் அப்படி ஒரு தூண்டுகோல் வேண்டும். உதாரணமாக, மூன்று வருடம் தொடர்ந்து வீட்டு அனுமதிகள் கணித்ததில் பாதிக்கும் கீழே இருந்தால் விதிகளை மறுபடி திறக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிடலாம்.

கடைசியாக, எழுத்தில் கருத்துக் கொடுக்கும் முறை. 'எங்கள் பகுதியின் இயல்பு கெடும்' என்று எழுதினால் நூறோடு நூற்றொன்றாகக் கோப்பில் போகும். பக்க எண், கொள்கை எண், சர்வே எண் போட்டு, 'குடும்ப அளவு 3 என்று எடுத்ததற்கு என்ன ஆதாரம், 2.5 ஆனால் அட்டவணையில் என்ன மாறும்' என்று எழுதினால் யாராவது உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, ஐந்து பேர் ஐந்து வேறு பக்கங்களைப் பிரித்துக்கொண்டு படித்து எழுதுவது மேல். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு வழக்கு என்று போனால், குறித்த காலத்துக்குள் ஆட்சேபித்தவரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.